சொல் வரும் வரை காத்திருப்போம்

மார்கழி பிறந்தால் ஆண்டாள் அவதரித்த ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரமெங்கும் திருப்பாவை ஒலிக்கும். அருகிலுள்ள மம்சாபுரத்திலும் அதிகாலையில் தாத்தா, பாட்டியின் கைபிடித்துக் கோயிலுக்கு வரும் குழந்தைகளுள் திக்கிப் பேசும் குழந்தையும் இருக்கலாம். வீட்டில் ‘தண்ணீர்’ என்று கேட்கவே தடுமாறும் அக்குழந்தை, கோஷ்டியோடு சேர்ந்து 30 பாசுரங்களையும் தடையின்றிச் சேவித்துவிடும்.

“பாடும்போது வருகிறதே, பேசும்போது ஏன் வரவில்லை?” என்று சிலர் கடிந்துகொள்வர். இது பிடிவாதமன்று. சேர்ந்து பாடுகையில் தாளமும் பிறர் குரலும் துணை நிற்கின்றன. அடுத்த சொல்லும் முன்பே தெரியும். தனித்துப் பேசுகையில் அத்துணை இல்லை.

திக்குதல் பெரும்பாலும் 2 முதல் 5 வயதுக்குள் தொடங்குகிறது. நூற்றில் ஏறத்தாழ 5 குழந்தைகளுக்கு ஏற்படுகிறது. அவர்களுள் பெரும்பாலோருக்கு நாளடைவில் நீங்கிவிடுகிறது. பரம்பரைக்கும், பேச்சை இயக்கும் மூளைப் பகுதிகளின் செயற்பாட்டு வேறுபாட்டுக்கும் இதில் பங்குண்டு. வளர்ப்புக் குறையோ அறிவுக் குறையோ காரணமன்று. நாக்கில் வசம்பு தேய்ப்பதால் திக்கல் தீராது. வாயில் கூழாங்கல்லை இட்டுப் பேசச் சொல்வதோ பேராபத்து. கல் தொண்டையில் சிக்கினால் உயிருக்கே கேடு.

ஆழ்வார்திருநகரிப் புளியமரத்தடியில் 16 ஆண்டுகள் மௌனமாயிருந்த நம்மாழ்வாரை நாடி வந்தவர் மதுரகவியாழ்வார். அம்மௌனம் யோக நிலை, திக்குதலோடு ஒப்பிடத்தக்கதன்று. ஆயினும் கேட்பவரின் இலக்கணத்தை மதுரகவியிடம் காணலாம். வயதில் மூத்தவராயிருந்தும் இளையவரின் விடையைக் கருத்தூன்றிக் கேட்டு, அவருக்கே அடியவரானார்.

வீட்டுப் பெரியோரும் அவ்வாறே செவிசாய்க்கலாம். குழந்தை திணறும்போது முகம் சுளிக்காமல், கனிவோடு நோக்கிக் காத்திருத்தல் வேண்டும். சொல்லை எடுத்துக் கொடுத்து முடித்துவைத்தலும், “மெதுவாகப் பேசு, மூச்சு விட்டுச் சொல்” எனத் திருத்துதலும் அதன் பதற்றத்தையே வளர்க்கும். பெரியவர் தாமே நிதானமாகப் பேசினால் போதும். எப்படிச் சொன்னது என்பதை விடுத்து, என்ன சொன்னது என்பதற்கு மறுமொழி தருதல் நன்று. விருந்தினர் முன் ஒப்பிக்கக் கட்டாயப்படுத்துதலும், ‘திக்குவாய்’ என்று அழைத்தலும் அறவே கூடாது. கேலிக்கு அஞ்சும் குழந்தை பேசுவதையே நிறுத்திவிடக்கூடும். அவ்விழப்பு திக்கலினும் பெரிது.

திக்கல் 6 மாதங்களுக்கு மேல் நீடித்தாலும், குடும்பத்தில் பிறருக்கு இருந்தாலும், பேசும்போது முகம் இறுகினாலும் பேச்சுப் பயிற்சி வல்லுநரிடம் காலந்தாழ்த்தாது அழைத்துச் செல்லவேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் வழி கேட்கலாம்.

சந்நிதியில் திரை விலகும்வரை பொறுமையோடு நிற்பவர்கள் நம் பெரியோர். பேரக்குழந்தையின் ஒரு சொல்லுக்காகச் சில நொடிகள் காத்திருப்பது அவர்களுக்கு அரிதன்று.