கற்பிப்போரும் கற்போரே
நீந்தி அறியாதவர் பிறருக்கு நீச்சல் பழக்க இயலாது. எழுத்துக்கும் கணக்குக்கும் இது பொருந்தும். கணித அறிஞர் ஜார்ஜ் போலியா, 1945இல் வெளியிட்ட நூலில், சிக்கலைப் புரிந்துகொள்ளல், திட்டமிடல், செயற்படுத்தல், திரும்பிப் பார்த்தல் என்னும் நான்கு படிநிலைகளை வகுத்தார். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலுள்ள ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தபோது, புதிய கணக்குகளை அவர்களையே தீர்க்கச் செய்தார். அம்மாநிலத்தின் பெர்க்லியில் 1974இல் ஜேம்ஸ் கிரே தொடங்கிய எழுத்துப் பயிற்சித் திட்டத்திலும் ஆசிரியர்கள் தாமே எழுதினர். எழுதியதைச் சக ஆசிரியர்களுக்குப் படித்துக்காட்டித் திருத்தினர். முதல் வரிக்கு முன் எழும் தயக்கத்தையும் பாதிவழியில் வரும் திகைப்பையும் உணர்ந்த ஆசிரியர், மாணவரின் பிழையை அடித்துவிட்டு நகரமாட்டார். அப்பிழைக்குப் பின்னுள்ள சிந்தனையைத் தேடுவார். விடையைக் கூறாமல், அடுத்த அடி எடுத்துவைக்க உதவும் வினாவைக் கேட்பார்.