‘உலர்ந்தது’ எது?
மோசெல் வெண்மதுவைத் தேர்தல்

ஜெர்மனியில் திரியர் நகரைக் கடந்து, வளைந்து வளைந்து ஓடிக் கோப்லென்ஸில் ரைன் ஆற்றோடு கலப்பது மோசெல் ஆறு. அதன் செங்குத்தான கரைச்சரிவுகளில் ரீஸ்லிங் என்னும் வெள்ளைத் திராட்சை விளைகிறது. அங்குள்ள சிலேட்டுக் கற்கள் பகலில் கதிரவன் வெப்பத்தை ஏற்று இரவில் வெளிவிடுவதால், குளிர்நாட்டிலும் கனி நன்கு முதிர்கிறது.

இம்மதுவைத் தேர்வோர் இடறுமிடம் புட்டியின் சீட்டிலுள்ள சொற்களே. கபினெட், ஷ்பேட்லேசெ, அவுஸ்லேசெ என 1971ஆம் ஆண்டுச் சட்டம் வரையறுத்த படிகள், பறித்த கனிச்சாற்றின் சர்க்கரையைக் குறிப்பன. கிண்ணத்தில் எஞ்சும் இனிப்பை அல்ல. ‘ஷ்பேட்லேசெ’ என்பதற்குப் ‘பிந்திய பறிப்பு’ என்பதே பொருள். சர்க்கரை முழுதும் நொதித்து மதுசாரமானால் இனிப்பு மறையும். நொதித்தலை இடையில் நிறுத்தினால் தங்கும்.

‘ட்ரோக்கென்’ என்றால் ‘உலர்ந்த’ என்று பொருள். தனித்து நின்றால் அஃது இனிப்பற்ற மதுவைக் குறிக்கும். அதில் சர்க்கரை லிட்டருக்கு 9 கிராமுக்கு மேற்படாது. ‘ட்ரோக்கென்பேரென்அவுஸ்லேசெ’ என்னும் தொடரிலோ, உலர்ந்தது மதுவன்று, பழம்! கொடியிலேயே வற்றிய கனிகளால் ஆன அம்மது, அப்படிகளுள் மிக இனியது.

ஐயம் எழின் சீட்டிலுள்ள எண்ணைக் காண்க. மதுசாரம் நூற்றுக்கு 8 எனில் இனிப்பு எஞ்சியுள்ளது. 12 எனில் பெரும்பாலும் இனிப்பற்றது. பின்னர்ச் சுவைத்துப் பார்க்க: நல்ல ரீஸ்லிங்கில் இனிப்பைப் புளிப்புத் தாங்கி நிற்கும், புளிப்புக் குன்றின் இனிப்புத் திகட்டும்.

இடம் நோக்கிப் பொருள் கொள்ளாவிடில், சொல் நூலில் மட்டுமன்று, புட்டியிலும் மயக்கும்.