பழைய வண்டி போடும் சத்தம்: பணம் கொடுக்குமுன் காது கொடுப்போம்

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பது பழமொழி. நம் வணிகப் பெருமக்களில் பலருக்கு அந்தத் தேர் ஒரு பழைய அம்பாசடராகவோ, பத்மினியாகவோ, மாருதி ஆம்னி வேனாகவோ இன்றும் வீட்டு வாசலில் நிற்கிறது. அம்பாசடர் 2014-லும், பத்மினி அதற்கு முன்பே 2001-லும், ஆம்னி 2019-லும் உற்பத்தி நின்று போயின. ஆனாலும் இரண்டு மூட்டை பருப்பு, ஒரு டின் எண்ணெய், அதற்கு மேல் குடும்பம் என்று ஏற்றிக்கொண்டு ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் போய்வர இவற்றை விட்டால் நமக்கு மனம் ஒப்புவதில்லை.

இம்மூன்றும் பின்சக்கரம் இழுக்கும் வண்டிகள். அதாவது என்ஜின் சக்தி கிளட்ச், கியர் பாக்ஸ் வழியாக வந்து, வண்டிக்கு அடியில் சுழலும் புரொப்பல்லர் ஷாஃப்ட் மூலம் பின் ஆக்சிலுக்குப் போகிறது. அங்கே டிஃபரன்ஷியலில் உள்ள பினியனும் கிரௌன் வீலும் அந்தச் சுழற்சியை இரண்டு சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கின்றன. இத்தனை இடங்களில் எங்கே தேய்ந்தாலும் சத்தம் வரும். எங்கிருந்து வருகிறது என்று அறியாமல் செலவு செய்தால் பணம் போகும், சத்தம் போகாது. இதை நாம் பட்டுத்தான் அறிந்தோம்.

பதினோராயிரம் ரூபாய்ப் பாடம்

1996-ல் நாம் வாங்கிய டீசல் அம்பாசடரில் 2009-ஆம் ஆண்டு ஒரு சத்தம் தொடங்கியது. நாற்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் பின்பக்கம் 'ஊம்' என்று ஓர் இரைச்சல். ஒரு பட்டறையில் காட்டினோம். அவர்கள் வண்டியை ஓட்டிக்கூடப் பார்க்கவில்லை. "கிரௌன் பினியன் போச்சுங்க முதலாளி" என்றார்கள். ஐந்து நாள் வண்டி நின்றது. சாமான், கூலி எல்லாம் சேர்த்துப் பதினோராயிரம் ரூபாய் கொடுத்தோம். வண்டியை எடுத்துக்கொண்டு சி.டி.எச். சாலைக்கு வந்தால் அதே 'ஊம்'.

பிறகு திருமுல்லைவாயிலில் வயதான மெக்கானிக் ஒருவரிடம் போனோம். அவர் ஸ்பேனரைத் தொடவில்லை. முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து, "ஓட்டுங்கண்ணே" என்றார். கரடுமுரடான சாலையில் கொஞ்சம், புதிதாகத் தார் போட்ட சாலையில் கொஞ்சம் ஓட்டச் சொன்னார். சாலை மாறியதும் சத்தமும் மாறியது. இறங்கிப் பின் டயரின் மேல் உள்ளங்கையை வைத்துத் தடவினார். ரம்பப் பல் போல ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது. பின் டயரை முன்னுக்கு மாற்றினார். சத்தமும் முன்பக்கம் வந்துவிட்டது! கெட்டது டயர், மாற்றியது டிஃபரன்ஷியல்.

நாமெல்லாம் குத்தூசி போட்டுப் பார்க்காமல் ஒரு மூட்டை மிளகாய்க்கு விலை பேசுவோமா? மண்டியில் இருக்கும் அந்த எச்சரிக்கை பட்டறை வாசலில் எங்கே போயிற்று? அந்தப் பெரியவரிடம் அன்று தொடங்கிக் கற்றுக்கொண்டவற்றை வணிக நண்பர்களுக்கும் சொல்லவே இக்கட்டுரை.

முதலில் நான்கு கேள்விகள்

*ஒன்று: வண்டி நிற்கும்போதும் சத்தம் வருகிறதா?* நியூட்ரலில் வைத்து என்ஜினை முடுக்கிப் பாருங்கள். அப்போதும் வந்தால் அது என்ஜின், கிளட்ச் அல்லது கியர் பாக்ஸின் முன்பகுதி. பின் ஆக்சிலைக் குறை சொல்ல வேண்டியதில்லை.

*இரண்டு: கிளட்ச் பெடலை மிதித்தால் என்ன ஆகிறது?* நியூட்ரலில் பெடலை விட்டிருக்கும்போது சத்தம் வந்து, மிதித்தவுடன் நின்றால் கியர் பாக்ஸின் முன் பேரிங்கைச் சந்தேகிக்கலாம். நேர்மாறாக, மிதிக்கும்போதுதான் சத்தம் வருகிறது என்றால் கிளட்ச் ரிலீஸ் பேரிங்.

*மூன்று: எந்த கியரில் வருகிறது?* ஒரே ஒரு கியரில் மட்டும் வந்தால் அந்த கியரின் பற்கள். பழைய நான்கு கியர் வண்டிகளில் டாப் கியர் நேரடி இணைப்பு. அதில் பாரம் கீழ்த் தண்டின் வழியாகப் போவதில்லை. ஆகவே மற்ற மூன்றிலும் உறுமிவிட்டு டாப் கியரில் அடங்கினால், குறை கியர் பாக்ஸின் கீழ்த் தண்டிலோ அதன் பேரிங்கிலோ இருக்கிறது என்று கொள்ளலாம்.

*நான்கு: ஓடும்போது நியூட்ரல் ஆக்கினால் நிற்கிறதா?* காலியான, சமமான சாலையில் ஐம்பதில் போகும்போது நியூட்ரல் ஆக்குங்கள். என்ஜினை மட்டும் அணைக்கக் கூடாது. சத்தம் கொஞ்சமும் மாறாமல் தொடர்ந்தால் அது சக்கரத்தோடு சுழலும் ஒன்று: டயர், சக்கர பேரிங், ஷாஃப்ட், அல்லது ஆக்சில் பேரிங்.

கிரௌன் பினியன் எப்படிப் பாடும்?

டிஃபரன்ஷியல் பற்களின் சத்தம் காலின் அழுத்தத்தோடு மாறும். ஆக்சிலேட்டரை மிதித்தால் ஒரு சுருதி, காலை எடுத்தால் வேறொரு சுருதி, அல்லது இரண்டில் ஒன்றில் அமைதி. டயர் இரைச்சலுக்கு உங்கள் கால் தெரியாது, சாலைதான் தெரியும். இந்த ஒரு வித்தியாசம் அன்றே தெரிந்திருந்தால் பதினோராயிரம் மிஞ்சியிருக்கும்.

மிதித்தாலும் விட்டாலும் ஒரே சீராகக் கடகடவென்று உருண்டால் பேரிங். நேரே போகும்போது அமைதியாக இருந்து, வளைவில் மட்டும் பின்னால் அரைத்தால் டிஃபரன்ஷியலின் உள்ளே இருக்கும் சிறு பற்சக்கரங்கள். வலப்புறம் திரும்பும்போது பாரம் இடச் சக்கரத்தில் விழும். அப்போது இரைச்சல் கூடினால் இடப்பக்கச் சக்கர பேரிங்கை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். பத்து கிலோமீட்டர் ஓட்டி நிறுத்திய பின், கையைச் சுட்டுக்கொள்ளாமல் சக்கரக் குடங்களின் அருகே காட்டிப் பாருங்கள். ஒன்று மட்டும் அதிகம் கொதித்தால் அங்கே பேரிங்கோ பிரேக்கோ பிடிக்கிறது.

அலட்சியம் செய்யக்கூடாத 'டக்'

இனிச் சொல்வதுதான் முக்கியம். 2011-ல் அதே வண்டியில் வேறொரு சத்தம். முதல் கியரில் கிளம்பும்போது ஒரு 'டக்'. ரிவர்ஸ் போட்டால் ஒரு 'டக்'. மெதுவாகப் போகையில் குருவி கத்துவதுபோல் 'கீச் கீச்'. முன்பு ஏமாந்த கசப்பில், "எந்தப் பட்டறைக்குப் போனாலும் பணம்தான் பிடுங்குவார்கள்" என்று மூன்று மாதம் தள்ளிப் போட்டோம். ஒரு தடவை வீண் செலவு செய்தவன் மறு தடவை அவசியச் செலவையும் செய்யமாட்டான் போலும்.

ஒரு மழை நாளில் வீட்டாரோடு பூந்தமல்லியில் ஒரு திருமணத்திற்குப் போய்த் திரும்புகிறோம். பருத்திப்பட்டு அருகே வண்டிக்கு அடியில் இடி விழுந்தாற்போல் ஒரு சத்தம். புரொப்பல்லர் ஷாஃப்டின் பின் ஜாயிண்ட் உடைந்து, ஷாஃப்ட் தரையில் இழுபட்டுக்கொண்டே வந்தது. மழையானதால் முப்பதில்தான் போய்க்கொண்டிருந்தோம். பிரேக் பிடித்து ஓரம் கட்டினோம். பின் சீட்டில் இருந்த மகள் அழுத அழுகை இன்னும் காதில் இருக்கிறது.

பெரியவர் வந்து பார்த்துவிட்டுச் சொன்னது: "பின்னால உடைஞ்சதால தப்பிச்சீங்கண்ணே. முன் ஜாயிண்ட் உடைஞ்சு ஷாஃப்ட் முன்னாடி விழுந்திருந்தா ரோட்டுல குத்தி வண்டியையே தூக்கியிருக்கும்." மாற்றிய கிராஸின் விலையைக் கேட்டபோது வெட்கமாக இருந்தது. டிஃபரன்ஷியலுக்கு வீணாகக் கொடுத்ததில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

சிலுவை வடிவில் இருப்பதால் அதற்கு கிராஸ் என்று பெயர். நான்கு முனையிலும் ஊசி போன்ற உருளைகள் கொண்ட பேரிங் இருக்கும். உலக அளவில் இந்த ஜாயிண்டை 16-ஆம் நூற்றாண்டு இத்தாலிய அறிஞர் கார்டானோ பெயராலும், 17-ஆம் நூற்றாண்டு ஆங்கிலேய அறிஞர் ராபர்ட் ஹூக் பெயராலும் அழைக்கிறார்கள். அத்தனை பழைய ஏற்பாட்டுக்கு வேண்டியதெல்லாம் கொஞ்சம் கிரீஸ். அது வற்றினால் முதலில் 'கீச்', பிறகு 'டக்', கடைசியில் உடைசல்.

சோதிப்பது எளிது. வாட்டர் சர்வீஸ் ரேம்பில் ஏற்றி, என்ஜினை அணைத்து, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஜாயிண்டின் இரு பக்கமும் கையால் பிடித்து எதிரெதிராக முறுக்கச் சொல்லுங்கள். ஜாயிண்டில் ஆட்டம் இருந்தாலோ, மூடியைச் சுற்றித் துருப்பொடி சிவப்பாகப் படிந்திருந்தாலோ மாற்றியே தீர வேண்டும். 'டக்' சத்தம் தளர்ந்த யூ போல்ட்டாலும், தேய்ந்த ஸ்பிரிங் புஷ்ஷாலும் வரக்கூடும். ஆகவே அவற்றையும் பார்க்கட்டும். ஷாஃப்டைக் கழற்றுமுன் இரு பக்கமும் அடையாளம் போடச் சொல்லுங்கள். மாற்றிப் பொருத்தினால் அறுபது, எழுபதில் வண்டி நடுங்கும். வெறும் ஜாக்கியை நம்பி எவரும் வண்டிக்கு அடியில் போகவே கூடாது. செங்கல்லும் ஆகாது. ஸ்டாண்டுதான் வேண்டும்.

எண்ணெய் வணிகர் எண்ணெயை மறக்கலாமா?

டிஃபரன்ஷியலின் நிரப்பும் துளையைத் திறந்தால் ஆயில் துளையின் கீழ் விளிம்பு வரை நிற்க வேண்டும். குறைந்திருந்தால் பினியன் சீல் ஒழுகுகிறதா என்று பார்க்க வேண்டும். ஹவுசிங் மேல் ஒரு சிறு மூச்சுத்துளை உண்டு. அது சேற்றால் அடைபட்டால் உள்ளே சூடான காற்றின் அழுத்தம் சீல் வழியாக ஆயிலைத் தள்ளிவிடும். சீல் மாற்றியும் ஒழுகுகிறது என்பவர்கள் இதைக் கவனிக்கவும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர் தொழிற்பேட்டையே தண்ணீரில் நின்றதை நாம் மறக்க முடியாது. சக்கரம் மூழ்க நின்ற வண்டியில் ஆக்சிலுக்குள் நீர் புகும். ஆயிலைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள். பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் முழுவதையும் மாற்றிவிடுங்கள். பளபளவென்று இரும்புப் பொடி மின்னினால் சத்தம் வரும்வரை காத்திராமல் திறந்து பார்ப்பதே சிக்கனம்.

பட்டறையில் பேசும் முறை

"ஏதோ சத்தம் வருதுப்பா, பார்த்துவிடு" என்று சாவியைக் கொடுத்துவிட்டுக் கடைக்கு ஓடாதீர்கள். எந்த வேகத்தில், எந்த கியரில், மிதிக்கும்போதா விடும்போதா, நேரிலா வளைவிலா என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொண்டுபோங்கள். மெக்கானிக்கை உட்காரவைத்து ஒரு சுற்று ஓட்டிக் காட்டுங்கள். மாற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்குங்கள். பழைய சாமானுக்குப் புதுப்பேட்டையும், புதியதற்கு ஜெனரல் பேட்டர்ஸ் சாலையும் இருக்கின்றன என்றாலும், கிராஸும் பேரிங்கும் பழையதாக வாங்குவது உசிதமல்ல.

பதினைந்து ஆண்டு கடந்த கார்களுக்கு ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பிக்க வேண்டியிருக்கிறது. அதற்கு அலைகிற அலைச்சலில் பாதியை வண்டியின் அடிப்பாகத்தைப் பார்ப்பதற்குச் செலவிட்டால் போதும்.

நம் அம்பாசடர் இன்றும் ஓடுகிறது. ஆண்டுக்கு இருமுறை கிராஸுக்கு கிரீஸ் அடிக்கும் நாளைக் கடைக் கணக்கு நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறோம். சரக்கு இருப்பைப் பார்ப்பதுபோல் அதையும் பார்த்துவிடுகிறோம். நண்பர்களும் நாளைக் காலை கடை திறக்கப் புறப்படும்போது, ரேடியோவைப் போடாமல், கண்ணாடியை இறக்கிவிட்டு ஒரு கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள். 'டக்' என்று கேட்டால் அன்றே பட்டறைக்கு விடுங்கள். கடையை ஒரு மணி நேரம் தாமதமாகத் திறந்தாலும் நட்டமில்லை.