இல்லாத காலின் வலியும் ஒரு கண்ணாடியும்

சர்க்கரை நோயால் கால் எடுக்கப்பட்டவர், இல்லாத பாதத்தில் எரிச்சல் என்பார். 'எல்லாம் பிரமை' என்று வீட்டார் அடக்கிவிடுவதைப் போத்தனூரில் எங்கள் புறநோயாளிப் பிரிவில் காண்கிறோம். அது பிரமை அன்று. இழந்த உறுப்பின் பதிவு மூளையிலிருந்து எளிதில் அழிவதில்லை.

சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரன், டயான் ரோஜர்ஸ்-ராமச்சந்திரனுடன் 1996இல் வெளியிட்ட கட்டுரை, இதற்குச் சாதாரணக் கண்ணாடியைப் பயன்படுத்தியது. நல்ல கையின் பிம்பம் இழந்த கையின் இடத்தில் தெரியுமாறு வைத்து அசைத்தபோது, சிலருக்கு வலி தணிந்தது.

"இத்தனை பேர் மேற்கோள் காட்டிய கட்டுரையாயிற்றே, பலன் உறுதிதானே?" எனக் கைப்பேசியில் படித்துவிட்டுக் கேட்கிறார்கள். மேற்கோள் எண்ணிக்கையில் மறுத்து எழுதியவரும் அடக்கம். பிறர் சோதித்துப் பார்த்தார்களா என்பதையே நாங்கள் முதலில் பார்க்கிறோம். பக்கவாதத்திற்கான கண்ணாடிப் பயிற்சி குறித்து, 1,982 பேர் பங்கேற்ற 62 ஆய்வுகளைக் காக்ரேன் அமைப்பு 2018இல் தொகுத்தது; இயக்கம் ஓரளவு மேம்படுவதாகக் கண்டது. உறுப்பிழந்தோர் வலிக்கோ சான்று சிறிது: கால் இழந்தோரிடம் நடந்து 2007இல் வெளியான சோதனையை முடித்தவர்கள் 18 பேர்தாம். அதில் பயிற்சி நாளுக்கு 15 நிமிடம், நான்கு வாரம்.

சிலருக்குத் தலைசுற்றலோ கூடுதல் வலியோ வரலாம். ஆகவே முதல் பயிற்சியை இயன்முறை மருத்துவர் முன்னிலையில் செய்யுங்கள். வலி மாத்திரைகளைத் தாமாக நிறுத்த வேண்டாம்.