ஒட்டியும் ஒட்டாமலும்

சந்திரகாந்த் பிடே 1967-இல் மும்பை யூனியன் பேங்க் ஆஃப் இந்தியாவில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தார். ஜே.ஜே. ஓவியக் கல்லூரியில் படிக்க ஆசைப்பட்டவர். வீட்டில் அதற்கு வசதி இல்லை. ஒருநாள் அலுவலக இன்டர்காம் எண்களைப் பட்டியலாக அடித்துத் தரச் சொன்னார்கள். அந்தப் பட்டியலையே டெலிபோன் வடிவத்தில் அடித்துக் கொடுத்தார் பிடே. பிறகு பிள்ளையார் வந்தார். கார்ட்டூனிஸ்ட் ஆர்.கே. லட்சுமணின் கட்டம் போட்ட கோட்டுச் சாமானியர் வந்தார். கிரிக்கெட் வீரர்களும் நடிகர்களும் வந்தார்கள். எல்லாமே டைப்ரைட்டர் ரிப்பனின் மையில் எழுந்த முகங்கள். ஓய்வு பெறும்போது அந்த இயந்திரத்தை வங்கி அவருக்கே ஒரு ரூபாய்க்குக் கொடுத்துவிட்டது.

இதன் அருமை மாதுங்கா, செம்பூர்த் தமிழர்களின் மூத்த தலைமுறைக்கு உடனே புரியும். டைப்ரைட்டிங் தேர்வில் லோயர், ஹையர் பாஸ் செய்த சான்றிதழோடு தாதர் வந்து இறங்கி, நாலைந்து பேராக ஓர் அறையில் தங்கி, கோட்டைப் பகுதி அலுவலகங்களில் டைப் அடித்துக் குடும்பத்தை நிமிர்த்தியவர்கள் அவர்கள். டைப்ரைட்டரில் 'ஐ'யும் 'டபிள்யூ'வும் ஒரே அகலம் என்பது அவர்கள் விரலுக்கே தெரியும். வழக்கமான இயந்திரத்தில் ஓர் அங்குலத்துக்குப் பத்து எழுத்து, மேலிருந்து கீழாக ஓர் அங்குலத்துக்கு ஆறு வரி. கடிதம் அடிக்கிறவருக்கு அது வெள்ளைத்தாள். படம் அடிக்கிறவருக்கு அது கண்ணுக்குத் தெரியாத கட்டங்கள் நிறைந்த பலகை. ஒரு கட்டத்தில் புள்ளி வைத்தால் வெளிர் சாம்பல், 'எக்ஸ்' அடித்தால் கொஞ்சம் அடர்த்தி, அதன் மேலேயே இன்னொரு எழுத்தை அடித்தால் கருமை. உருளையின் குமிழைத் துளியளவு திருப்பி இரண்டு வரிக்கு நடுவிலும் அடிக்கலாம். கன்னத்தின் நிழல் அப்படித்தான் வருகிறது.

அருகில் வைத்துப் பார்த்தால் அங்கே கன்னமும் இல்லை, நிழலும் இல்லை, வெறும் எழுத்துகள். கன்னத்தை உண்டாக்குவது நம் கண். ஒரு பாகையை அறுபதாகப் பங்கிட்டு அதில் ஒரு பங்கை எடுத்தால் வரும் கோணம் இருக்கிறதே, நல்ல பார்வை உள்ளவரின் கண் பிரித்தறியும் எல்லை ஏறக்குறைய அவ்வளவுதான். அதைவிட நெருக்கமாக இருக்கும் இரண்டு புள்ளிகள் ஒன்றாகக் கலந்துவிடும். டைப்ரைட்டர் கட்டத்தின் அகலம் இரண்டரை மில்லிமீட்டர். கணக்குப் போட்டால், ஒன்பது மீட்டர் தள்ளி நின்றால் அது முழுசாகக் கரைந்துவிடும்.

இப்போது டைப்ரைட்டருக்குப் பதில் ஸ்டிக்கி நோட்டை எடுத்துக்கொள்வோம். இன்றைய அலுவலக மேசையில் டைப்ரைட்டர் கிடையாது. மஞ்சள், ரோஸ், நீலம், பச்சை என்று இந்தச் சதுரத்தாள் கட்டு கட்டாகக் கிடக்கிறது. ஒரு தாள் ஒரு கட்டம். பக்கம் 7.6 சென்டிமீட்டர். அதே கணக்கைப் போட்டால் இந்தச் சதுரம் கண்ணில் கரைய 260 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். மாதுங்கா ஸ்டேஷனில் வந்து நிற்கிற பன்னிரண்டு பெட்டி லோக்கலின் முதல் பெட்டியிலிருந்து கடைசிப் பெட்டி வரைக்கும் உள்ள தூரம் அது. எந்த அலுவலகத்தில் அவ்வளவு இடம்? ஆனாலும் இந்தத் தாள்களால் சுவரில் ஒட்டிய முகத்தை அறையின் மறுகோடியிலிருந்தே அடையாளம் கண்டுவிடுகிறோம்.

எப்படி என்று ஆராய்ந்தவர் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்து லியோன் ஹார்மன். ஆபிரகாம் லிங்கனின் படத்தைச் சில நூறு சாம்பல் சதுரங்களாக உடைத்து 1973-இல் வெளியிட்டார். நேராகப் பார்த்தால் சதுரங்கள். கண்ணைச் சுருக்கினால் லிங்கன். மூக்குக்கண்ணாடி போடுகிறவர் அதைக் கழற்றினாலே போதும், இன்னும் தெளிவாகத் தெரிவார். பார்வை மங்கினால் படம் தெளிகிறது! எனக்கு இதில் தீராத வியப்பு உண்டு. காரணம் இதுதான்: முகத்தை அடையாளம் காண நமக்குத் தேவையானது பெரிய பெரிய ஒளி-நிழல் திட்டுகள், கண்குழி எங்கே இருண்டிருக்கிறது, நெற்றி எங்கே வெளுத்திருக்கிறது என்பது போன்ற தகவல். சதுரங்களின் கூர்மையான ஓரங்கள் அசல் முகத்தில் இல்லாதவை. அந்த ஓரங்கள் கூச்சல் போட்டு உள்ளே இருக்கும் முகத்தை மறைக்கின்றன. மங்கலான பார்வை கூச்சலை அடக்குகிறது. முகம் அப்படியே நிற்கிறது. இதைப் பார்த்த சால்வடோர் டாலி 1976-இல் ஓர் ஓவியமே தீட்டினார். கிட்டத்தில் அவர் மனைவி காலா கடலைப் பார்த்து நிற்கிறார். இருபது மீட்டர் தள்ளிப் போனால் லிங்கன்.

ஒட்டுகிறவர்களுக்கு இதிலிருந்து ஒரு பாடம் கிடைக்கிறது. நிறத்தைவிட வெளிச்ச அளவுதான் முக்கியம். இருண்ட இடத்தில் கருநீலமும் வெளுத்த இடத்தில் மஞ்சளும் வந்துவிட்டால், கன்னம் பச்சையாக இருந்தாலும் ஆள் யாரென்று தெரிந்துவிடும். ஒட்டுவதற்கு முன் தாள்களை வரிசையாக வைத்துக் கைபேசியில் கறுப்பு வெள்ளைப் படம் எடுத்துப் பாருங்கள். எது இருட்டு, எது வெளிச்சம் என்று அது சொல்லிவிடும். முகம் வேண்டாம் என்றால் இன்னும் சுலபம். 1978-இல் வந்த 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' வீடியோ விளையாட்டின் வேற்றுக்கிரகவாசி ஒருவர் குறுக்கே 11, நெடுக்கே 8 கட்டங்களுக்குள் அடங்கிவிடுவார். நூறு தாள் உள்ள ஒரு கட்டு தாராளம். 2011-இல் பாரிஸை ஒட்டிய மோந்த்ரோயில் ஒரு வீடியோ விளையாட்டு நிறுவனத்து ஊழியர்களும் எதிர்க் கட்டடத்து வங்கி ஊழியர்களும் ஜன்னலுக்கு ஜன்னல் இப்படி ஒட்டிப் போட்டி போட்டார்கள். அது நகரத்தின் மற்ற அலுவலகங்களுக்கும் பரவியது.

இதெல்லாம் நடப்பதற்கு ஸ்டிக்கி நோட்டின் பசை பலவீனமாக இருப்பதுதான் காரணம். 1968-இல் அமெரிக்காவின் 3எம் நிறுவனத்தில் ஸ்பென்சர் சில்வர் பலமான பசை ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார். கிடைத்தது அக்ரிலிக்கால் ஆன, கண்ணுக்குத் தெரியாத நுண்ணுருண்டைகள். சாதாரண டேப்பில் பசை ஒரே படலமாகப் பரவிச் சுவரை முழுசாகப் பற்றும். உருண்டை அப்படிப் பற்றாது. தொடுகிற புள்ளியில் மட்டும்தான் பிடிமானம். அழுத்தினால் லேசாகத் தட்டையாகும், விட்டால் பழையபடி உருண்டுகொள்ளும். அதனால்தான் மறுபடி மறுபடி ஒட்ட முடிகிறது. ஆனால் எடுக்கும்போது உருண்டைகள் சுவரிலேயே தங்கிவிடும் தொல்லை இருந்தது. தாளோடு அவற்றைப் பிணைக்கும் அடிப்பூச்சை ரோஜர் மெரிலும் ஹென்றி கோர்ட்னியும் உருவாக்கினார்கள். 1974-இல் தேவாலயப் பாடல் புத்தகத்தில் அடையாளத்தாள் நழுவி விழுந்துகொண்டே இருந்தபோது, அதே நிறுவனத்து ஆர்ட் ஃப்ரைக்கு இந்தப் பசை நினைவுக்கு வந்தது. ஸ்டிக்கி நோட் 1980-இல் அமெரிக்கா முழுக்க விற்பனைக்கு வந்தது.

தாளின் எடை அரை கிராம்கூட இல்லை. சுவரில் தொங்கும்போது அந்த எடை சுவரை ஒட்டியே கீழ்நோக்கி இழுக்கிறது. மேல் ஓரத்துப் பசைப் பட்டை முழுவதும் சேர்ந்து தாங்கிக்கொள்கிறது. மின்விசிறிக் காற்று கீழ் ஓரத்தைத் தூக்கினால் கதை வேறு. அப்போது விசை முழுவதும் பசைப் பட்டையின் விளிம்பில் ஒரே கோட்டில் குவிகிறது. வரிசை வரிசையாக உருண்டைகள் விடுபடுகின்றன. நாமும் தாள்கட்டிலிருந்து தாளைக் கீழிருந்து மேலாக உரிக்கிறோம். தாள் சுருண்டுகொள்கிறது, காற்றுக்கும் தோதாகிவிடுகிறது. பக்கவாட்டில், பசைப் பட்டையை ஒட்டியே இழுத்து உரித்தால் தாள் தட்டையாக நிற்கும். படத்தின் ஆயுள் பெரும்பாலும் இந்த ஒரு பழக்கத்தில் இருக்கிறது.

சுவரையும் பார்க்க வேண்டும். சுண்ணாம்போ மலிவு டிஸ்டம்பரோ அடித்த மும்பைச் சுவரில் பொடி உதிரும். உருண்டைகள் அந்தப் பொடியைப் பூசிக்கொண்டு சோர்ந்துவிடும். மழைக்காலத்தில் தாள் ஈரத்தைக் குடித்து ஒரு திசையில் கூடுதலாக விரிந்து வளையும். துடைத்துக் காயவைத்த கண்ணாடிதான் நல்ல இடம். வெயில் நேரே அடிக்கும் ஜன்னல் மட்டும் வேண்டாம். கண்ணைப் பறிக்கும் அந்த ரோஸும் பச்சையும் ஒளிரும் சாயங்கள். கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரையும் விழுங்கி நிறமாகத் திருப்பிக் கொடுப்பவை. அதே கதிர் அவற்றைச் சிதைக்கவும் செய்யும்.

படத்தைக் கழற்றிய பின் தாள்கள் பழைய பேப்பர் வாங்கும் ரத்திக்காரரிடம் போகும். தாராவியில் பழைய தாளையும் அட்டையையும் பிளாஸ்டிக்கையும் தரம் பிரித்துக் கட்டுகிற கிடங்குகள் அடுத்தடுத்து இருக்கின்றன. அங்கே உட்கார்ந்து பிரிப்பவர்களின் விரல்கள் தாளைத் தொட்டே ரகம் சொல்லும். பசை உள்ள தாள் காகித ஆலைக்குத் தலைவலி. கூழில் பசை கரையாது. நசுங்கிச் சல்லடைக்குள் புகுந்து, உருளையில் ஒட்டி, ஓடிக்கொண்டிருக்கும் காகிதத்தைக் கிழித்துவிடும். அதனால் மேலே உள்ள பட்டையைக் கத்தரித்து எடுத்துவிட்டு மிச்சத்தைப் போடுவது நல்லது. முழு முகம் ஒன்றுக்குச் சில நூறு தாள். நாலைந்து பேர் சேர்ந்து உட்கார்ந்தால் ஒரு டீ நேரத்தில் முடிகிற வேலை.