வெறும் ஜுரமா?

கார்த்திகைத் தீபத்தன்றும் பௌர்ணமிதோறும் திருவண்ணாமலையில் கூடும் ஜனத்திரளை நாம் அறிவோம். மலையைச் சுற்றியுள்ள 14 கிலோமீட்டர்ப் பாதையில் பல ஜில்லாக்காரர்களும் பிற மாநிலத்தாரும் ஒருங்கே நடக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்குக் கடும் ஜுரம் கண்டு, பிரக்ஞை தவறி, ஆஸ்பத்திரியில் சேர்க்க நேர்ந்தால், அவருடைய சீட்டில் வைத்தியர் என்ன எழுதுகிறார்? இது குமாஸ்தாக்களின் விவகாரமென்று நம்மவர்கள் ஒதுக்கிவிடுவது வழக்கம். அங்ஙனம் ஒதுக்குவது பெரும் பிழையென்பதே நமது அபிப்பிராயம்.

இவ்வட்டாரத்திற்கு இக்கேள்வி புதிதன்று. 1989-ஆம் ஆண்டில் தனி ஜில்லாவாகும்வரை திருவண்ணாமலை வட ஆர்க்காட்டைச் சேர்ந்திருந்தது. அந்த வட ஆர்க்காட்டு ஜில்லாவில்தான், வேலூரில், 1955-ல் ஜப்பானிய மூளைக் காய்ச்சல் இந்தியாவிலேயே முதன்முதலாக நோயாளிகளிடம் அறியப்பட்டது. நெல் வயல்களின் தேங்கிய நீரில் பெருகும் க்யூலெக்ஸ் கொசு, கொக்குகளிடமிருந்தும் பன்றிகளிடமிருந்தும் இந்த வைரஸ் கிருமியை மனிதருக்குக் கொண்டுவருகிறது. பெரும்பாலும் குழந்தைகளே இதற்கு இரையாகிறார்கள். கிருமி தொற்றியவர்களில் ஏறக்குறைய 250 பேரில் ஒருவருக்கே கடும் நோய் காண்கிறது. ஆனால் அவ்வாறு கண்டவர்களில் நூற்றுக்கு 30 பேர் வரை மாண்டு போகலாம்; பிழைத்தவர்களிலும் நூற்றுக்கு 20 முதல் 30 பேர் வரை வாதத்தாலோ, வலிப்பாலோ, பேச்சிழந்தோ ஆயுள் முழுதும் துன்புறுகிறார்கள். ஆகவே ஏட்டில் ஏறும் ஒரு நோயாளி, ஏறாத பலருக்குச் சாட்சி. அந்த ஒருவரையும் எழுதாமல் விட்டால், கிருமி ஊரில் உலவுகிறதென்ற செய்தியே அழிந்துபோகிறது.

நோய்களுக்கு உலகெங்கும் ஒரே வரிசையும் எண்ணும் இருக்கவேண்டுமென்று 1893-ல் ஒரு பட்டியலை முன்வைத்தவர் பிரெஞ்சு தேசத்து ழாக் பெர்த்தியோன். 1948-ல் அப்பணி உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சேர்ந்தது. அதன் பத்தாவது திருத்தப் பட்டியலில் ஜப்பானிய மூளைக் காய்ச்சலுக்கு ஏ83.0 என்பது குறியீடு. இன்ன கிருமியென்று விளங்காத வைரஸ் மூளைக் காய்ச்சலுக்கு ஏ86. காரணமே விளங்காத ஜுரத்திற்கு ஆர்50.9. குறியீடு இடும் ஊழியர் ஊகம் செய்யலாகாது. வைத்தியர் எழுதியதற்கே அவர் எண் இட வேண்டும். "ஜுரம்" என்ற ஒரு சொல்லோடு சீட்டு முடிந்தால், அக்குழந்தை ஆர்50.9 என்னும் குப்பையில் போய்ச் சேர்கிறது. தடுப்பூசியோ கணக்கைப் பார்த்து வருகிறது. கணக்கில் நோய் இல்லாத ஜில்லாவை எந்தச் சர்க்கார் நினைக்கும்?

"அபூர்வமான நோய், பரிசோதனை முடிவு வர நாளாகும், நிச்சயமில்லாததை எப்படி எழுதுவது?" என்று வைத்தியர்கள் கேட்கலாம். இந்த ஆட்சேபத்தில் நியாயம் உண்டு. நோய் கண்ட முதல் சில நாட்களில் எடுத்த ரத்தத்தில் எதிர்ப்பொருள் தென்படாமல் போகலாம். முதுகுத் தண்டு நீரையும், சில நாள் கழித்து மறுபடியும் ரத்தத்தையும் சோதிக்க வேண்டியிருக்கும். ஆனால் சந்தேகத்தைச் சந்தேகமென்றே எழுதுவதை யார் தடுத்தார்கள்? 2004-ல் தொடங்கிய நோய்க் கண்காணிப்புத் திட்டத்தில் சந்தேகம், வைத்தியரின் நிர்ணயம், பரிசோதனைச்சாலையின் உறுதி என்று மூன்று படிவங்கள் இதற்காகவே வகுக்கப்பட்டன. 2020-ல் கொரோனா நோய்க்கும் கிருமி உறுதியானதற்கு ஒன்றும், உறுதியாகாததற்கு மற்றொன்றுமாக இரண்டு குறியீடுகள் தரப்பட்டன. உறுதியாகாததை உறுதியென்று எழுதுவதும் பிழை. ஒன்றுமே எழுதாதிருப்பது அதனினும் பெரிய பிழை.

மரணச் சான்றின் நிலையோ இன்னும் பரிதாபம். "இருதயம் நின்றது", "மூச்சு அடங்கியது" என்று எழுதிவிடுகிறார்கள். இருதயம் நிற்காமல் உலகில் யார்தான் மாண்டார்? நின்றதற்குக் காரணம் யாது என்பதன்றோ கேள்வி! 2020-ஆம் ஆண்டில் இந்தியாவில் பதிவான மரணங்களில் நூற்றுக்கு 22.5-க்கே வைத்தியர் காரணம் சான்றளித்திருந்தார். மற்றவர்கள் எதனால் போனார்கள் என்பதற்கு வைத்தியச் சாட்சியம் இல்லை. அவர்களில் எத்தனை பேர் தடுக்கக்கூடிய நோயால் போனார்களோ!

வழி தெரியாமல் நாம் தவிக்கவில்லை. வழி காட்டியதும் இதே வட ஆர்க்காடுதான். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் கிருமிநூல் நிபுணர் டி. ஜேக்கப் ஜான் முதலியோர் சர்க்கார் ஆஸ்பத்திரிகளையும் தனியார் ஆஸ்பத்திரிகளையும் ஒரே ஏற்பாட்டில் சேர்த்தனர். வைத்தியர்கள் அச்சடித்த தபால் கார்டில் நோயைக் குறித்து அனுப்பினர். திரண்ட செய்தி மாதப் பத்திரிகையாக அவர்களுக்கே திரும்பிச் சென்றது. ஆங்கில முதலெழுத்துக்களால் "நதி" எனப் பெயர்கொண்ட இவ்வேற்பாட்டை 1998-ல் லான்செட் பத்திரிகை உலகறியச் செய்தது. ஒரு தபால் கார்டு செய்ததை இக்காலத்துக் கம்ப்யூட்டர் செய்ய முடியாதா?

ஆதலின் நாம் கேட்பது மிகச் சிறிது. வைத்தியர்கள் ஜுரமென்று மட்டும் எழுதாமல், தாம் சந்தேகிக்கும் நோயையும், அது தொடங்கிய நாளையும், நோயாளியின் சொந்த ஊரையும் எழுதுக. கிரிவலம் வந்தவரின் நோய்க்குத் திருவண்ணாமலையை மட்டும் எழுதினால், கொசு கடித்த கிராமம் தப்பித்துக்கொள்ளும். பரிசோதனை முடிவு வந்தபின் ஏட்டைத் திருத்துக. ஆஸ்பத்திரியில் மரணம் நேர்ந்தால், காரணச் சான்றின் பிரதியை உறவினருக்கு இலவசமாகத் தரவேண்டுமென்று 2023-ல் திருத்திய பதிவுச் சட்டம் கூறுகிறது. பொதுஜன ஊழியர்கள் இதைக் கிராமந்தோறும் எடுத்துச் சொல்லுவார்களாக. பெயர் எழுதப்படாத நோய் மறுபடியும் வரும். அது வரும்போது முன்பு வந்துபோனதற்கும் நம்மிடம் ஏடு இராது. மாண்ட குழந்தையை மீட்க நம்மால் ஆகாது. அடுத்த குழந்தையைக் காக்க ஒரு வரி உண்மை எழுதுவது ஆகாத காரியமன்று.