குற்றிழையின் மின்னோட்டம்: நுகர்ச்சிச் செல்லிலிருந்து சிறுநீரகச் செல்லுக்கு

ஆய்வுச் சுருக்கம்

செல்லின் மேற்பரப்பிலிருந்து மயிரிழைபோல் நீண்டு நிற்கும் குற்றிழை, புறச்சூழலின் செய்திகளைச் செல்லுக்குள் உணர்த்தும் நுண்ணுறுப்பாகும். சின்சினாட்டி பல்கலைக்கழக உடலியங்கியல் ஆய்வாளர் ஸ்டீவன் கிளீன், ஒற்றைக் குற்றிழையின் மின்னோட்டத்தை நேரடியாக அளக்கும் முறையை நுகர்ச்சிச் செல்களில் கையாண்டு, பின்னர் அதனைச் சிறுநீரகச் செல்களுக்கும் கொண்டுசென்றார். அவ்வளவீடுகள் பல்நீர்க்கட்டிச் சிறுநீரக நோய் பற்றிய கருத்தொன்றை மறு ஆய்வுக்கு உட்படுத்திய வகையை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: குற்றிழை, நுகர்ச்சி, சிறுநீரகம், அயனிக் கால்வாய், கால்சியம்.

முன்னுரை

தமிழகப் பாடநூல்களில் குற்றிழை, குறுஇழை எனவும் இலங்கைப் பாடநூல்களில் பிசிர் எனவும் வழங்கப்பெறும் சிலியா, நெடுங்காலம் அசையும் உறுப்பாகவே கற்பிக்கப்பட்டு வந்தது. மூச்சுக்குழலில் சளியை மேல்நோக்கித் தள்ளும் குற்றிழைகள் அவ்வகையின. அசையாத குற்றிழைகளும் உடலெங்கும் உள்ளன. சிறுநீர்க்குழல் செல்களுள் பெரும்பாலானவற்றில் ஒவ்வொரு செல்லுக்கும் ஒரு குற்றிழை மட்டுமே உண்டு. மனிதச் சிறுநீரகத்தில் இதனை 1898-இல் சிம்மர்மன் விவரித்தார். எனினும், பயனற்ற எச்சம் என்றே இது ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் கருதப்பட்டது.

நுகர்ச்சிக் குற்றிழையின் இயக்கம்

மூக்கின் நுகர்ச்சி நரம்புச் செல் ஒவ்வொன்றின் முனையிலும் பல குற்றிழைகள் உள்ளன. மணமூலக்கூறு அவற்றின் சவ்விலுள்ள ஏற்பியுடன் இணையும்போது, குற்றிழைக்குள் சுழற்சி ஏ.எம்.பி. பெருகுகிறது. அது அயனிக் கால்வாய்களைத் திறக்க, சோடியமும் கால்சியமும் உட்புகுகின்றன. இக்கால்வாயை நாகமுராவும் கோல்டும் 1987-இல் கண்டறிந்தனர்.

இதன் அடுத்த படிநிலையைக் கிளீனும் கெஸ்ட்லேண்டும் 1991-இல் தவளையின் குற்றிழையில் கண்டனர். உட்புகுந்த கால்சியம் மற்றொரு கால்வாயைத் திறக்கிறது. அதன்வழிக் குளோரைடு அயனிகள் வெளியேறுகின்றன. முதிர்ந்த நரம்புச் செல்கள் பெரும்பாலானவற்றில் குளோரைடு உட்புகுந்து தூண்டலைத் தணிக்கும். நுகர்ச்சிச் செல்லிலோ குளோரைடு உள்ளே மிகுந்திருப்பதால், அது வெளியேறி மின்குறிப்பைப் பெருக்குகிறது. மணத்தால் எழும் மின்னோட்டத்தின் பெரும்பங்கு இக்குளோரைடு ஓட்டமே என்பது கிளீனின் தொடர் ஆய்வுகளால் தெளிவாயிற்று.

அளவீட்டு முறை

குற்றிழையின் விட்டம் ஏறத்தாழ 0.2 மைக்ரோமீட்டர் மட்டுமே. செல்லின் உடலில் மின்முனையைப் பொருத்தி அளந்தால், குற்றிழையின் மின்னோட்டமும் செல்லின் பிற பகுதிகளின் மின்னோட்டமும் கலந்துவிடும். இதனைத் தவிர்க்க, குறுகிய முனையுடைய கண்ணாடிக் குழாயினுள் ஒரு குற்றிழை முழுவதும் மெல்ல உறிஞ்சப்படுகிறது. குழாயின் விளிம்பு குற்றிழையின் அடிப்பகுதியுடன் இறுகப் பொருந்தியதும், குற்றிழை செல்லிலிருந்து பிரிக்கப்படுகிறது. அதன் அறுபட்ட முனை திறந்திருப்பதால், அதனை அமிழ்த்தும் கரைசலை மாற்றி, உட்புறத்திலுள்ள அயனிகளின் செறிவையும் விரும்பியவாறு மாற்றலாம்.

சிறுநீரகக் குற்றிழை குறித்த விவாதம்

சிறுநீரகக் குற்றிழையின் முதன்மை 2000-இல் வெளிப்பட்டது. கிளாமிடோமோனஸ் என்னும் பாசி கசையிழையை அமைப்பதற்குத் தேவையான மரபணுவுக்கு இணையான மரபணு பழுதுற்ற எலிகளில், சிறுநீரகக் குற்றிழைகள் குட்டையாயிருந்தன; அவ்வெலிகளின் சிறுநீரகங்களில் நீர்க்கட்டிகள் தோன்றின. குற்றிழையை வளைத்தால் செல்லினுள் கால்சியம் உயர்கிறது என 2001-இல் பிரேடோரியசும் ஸ்பிரிங்கும் காட்டினர். அவ்வுயர்வுக்குப் பாலிசிஸ்டின் 1, 2 ஆகிய புரதங்கள் தேவை என நவுலி குழுவினர் 2003-இல் அறிவித்தனர். மனிதரில் பல்நீர்க்கட்டிச் சிறுநீரக நோய் பெரும்பாலும் இவ்விரு புரதங்களுக்கான மரபணுக்களின் பழுதால் விளைவது. ஆகவே, சிறுநீரின் ஓட்டம் குற்றிழையை வளைக்கிறது, பாலிசிஸ்டின் 2 வழியே கால்சியம் புகுகிறது, அச்செய்தி தடைப்பட்டால் கட்டிகள் தோன்றுகின்றன என்னும் விளக்கம் நிலைபெற்றது.

இவ்விளக்கத்தில் ஓர் இடைவெளி இருந்தது. கால்சியம் உயர்வு செல்லினுள் கண்டறியப்பட்டதேயன்றி, குற்றிழையின் கால்வாய் எவ்வயனியைக் கடத்துகிறது என்பது நேரடியாக அளக்கப்படவில்லை. கிளீன் இணையர் நுகர்ச்சி ஆய்வின் முறையைச் சிறுநீரகச் செல்லுக்குப் பொருத்தி 2012-இல் வெளியிட்டனர். பாலிசிஸ்டின் 2-ஐச் சார்ந்த கால்வாய் பொட்டாசியத்தையும் சோடியத்தையுமே மிகுதியாகக் கடத்துகிறது, கால்சியத்தை மிகக் குறைவாகவே கடத்துகிறது என அவர்களின் 2017-ஆம் ஆண்டு அளவீடு காட்டியது. மற்றோர் ஆய்வகம் 2018-இல் வெளியிட்ட முடிவும் இதனோடு ஒத்தது. ஓட்டத்தின் விசையால் குற்றிழைக்குள் கால்சியம் உயர்வதில்லை என டெல்லிங் குழுவினர் 2016-இலேயே அறிவித்திருந்தனர்.

எனினும் விவாதம் முற்றுப்பெறவில்லை. கருவின் இட வல வேறுபாட்டை நிர்ணயிக்கும் பகுதியில், அசையாக் குற்றிழைகள் விசையை உணர்ந்து பாலிசிஸ்டின் 2 வழியே கால்சியக் குறிப்பை எழுப்புகின்றன என 2023-இல் இரு குழுக்கள் காட்டின. ஓர் உறுப்பின் குற்றிழைக்குப் பொருந்தும் விடை மற்றோர் உறுப்புக்கும் பொருந்தும் எனக் கொள்ள இயலாது என்பதையே இது உணர்த்துகிறது.

மருத்துவப் பயன்

பல்நீர்க்கட்டி நோய் 400 முதல் 1000 பேருக்கு ஒருவரிடம் காணப்படுவதாக மதிப்பிடப்பட்டுள்ளது. இந்நோயுற்றோருள் ஏறத்தாழப் பாதிப்பேர் 60 வயதளவில் சிறுநீரகச் செயலிழப்பை அடைகின்றனர். அமெரிக்காவில் 2018-இல் இந்நோய்க்கு ஒப்புதல் பெற்ற டோல்வாப்டான், வாசோபிரஸின் ஏற்பியைத் தடுத்துக் கட்டியின் வளர்ச்சியைத் தாமதப்படுத்துகிறது, மூலப்பழுதைச் சீர்செய்வதில்லை. பழுதுற்ற கால்வாயை ஈடுசெய்யும் மருந்தைத் தேடுவோர், அக்கால்வாய் கடத்தும் அயனி எதுவென அறிந்தாக வேண்டும். கால்சியத்தையே கருதி வகுக்கப்படும் சோதனை, பயனுள்ள மருந்தையும் பயனற்றதெனத் தள்ளிவிடக்கூடும்.

முடிவுரை

நுகர்ச்சியும் சிறுநீரகமும் தனித்தனித் துறைகளாகவே பயிலப்படுகின்றன. ஆயினும், பார்டெட்-பீடில் நோய்க்கூட்டில் சிறுநீரகக் கோளாறும் நுகர்திறன் இழப்பும் ஒருங்கே காணப்படுவது, அவற்றின் பொது அடிப்படை குற்றிழையே என்பதைக் காட்டுகிறது. தவளையின் மூக்கில் மணத்தை அறிவதற்காகக் கையாளப்பட்ட முறை, சிறுநீரக நோய் குறித்து ஊகமாக நின்ற ஒரு கருத்தை அளந்து சோதிக்கும் வழியாயிற்று. நிலைபெற்ற விளக்கமாயினும், அதன் ஒவ்வொரு கண்ணியும் நேரடியாக அளக்கப்பட்டதா என வினவுவதன் தேவையை இவ்வாய்வு வரலாறு வலியுறுத்துகிறது.